கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பதினோரு வருடம்

வரவேற்பறைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த தாளைத் தையற்காரி இரண்டு முறை படித்தாள். முதல் முறை நம்பிக்கையோடு. இரண்டாம் முறை பல்லைக் கடித்துக்கொண்டு.

சட்டப் படிப்பில் முதல் வகுப்பு. விசா அலுவலகத்தில் பதினோரு வருடம் நேர்காணல் அதிகாரி. அந்த வேலையை உதறிவிட்டு, எட்டு வருடமாகக் குடியேற்ற வழக்குகள் நடத்தும் வக்கீல். மேலே ஒரு புகைப்படம். முன்மண்டை வெறிச்சோடிப் போயிருந்தது. ஆனால் அந்த மூக்கு மட்டும் அப்படியே இருந்தது.

"என்னங்க, உங்க விசாவை இல்லைன்னு சொன்ன ஆள் இவர்தான்."

ரொட்டிக் கடையில் வேலை பார்க்கும் அவள் கணவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தெரியும். பேசாம உட்காரு" என்றார்.

பேசாமல் உட்காருவது அவளுக்குக் கைவந்த கலை அல்ல. ஒன்பது வருடத்துக்கு முன், தான் பிழைக்க வந்த இந்த நாட்டிலிருந்து ஆறு மாத வயிற்றோடு ஊருக்குப் போய், கணவரின் விண்ணப்பத்தில் ஒவ்வொரு தாளையும் தன் கையாலேயே அடுக்கித் தைத்தவள் அவள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த இந்த மூக்கைத்தான் வெளி பெஞ்சிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. கணவர் மறுபடி விண்ணப்பித்து வந்து சேர நாலு வருடம் ஆயிற்று. விமான நிலையத்தில் மகள் அப்பாவை "அங்கிள்" என்று கூப்பிட்டாள்.

எழுந்து போய்விடலாம்தான். ஆனால் அவள் தங்கைக்கும் விசா மறுத்துவிட்டார்கள். பெற்றவர்கள் போனபின் ஊரில் தன்னந்தனியாக இருப்பவள். மேல்முறையீடு செய்ய நாளைதான் கடைசி நாள். இரண்டு வக்கீல்கள் ஏற்கெனவே கைவிரித்துவிட்டார்கள்.

வாயைத் திறப்பதில்லை என்று கணவரிடம் சத்தியம் செய்துதான் உள்ளே போனாள். அந்தச் சத்தியம் நாற்காலியில் உட்காரும்வரை தாக்குப்பிடித்தது.

"அன்னைக்குக் கதவைச் சாத்தினீங்க. இன்னைக்கு அதே கதவுக்குப் பக்கத்துலயே கடை விரிச்சிருக்கீங்க. நல்ல தொழில்தான் சார்."

வக்கீல் கோபப்படவில்லை. "அங்க தினமும் அறுபது பேருக்கு இல்லை, இல்லைன்னு சொல்லணும்மா. கடைசியில வீட்ல சோறு வேணுமான்னு கேட்டாலும் இல்லைன்னே வாயில வந்துச்சு. பட்டினி கிடக்க முடியாம விட்டுட்டேன்."

கணவர் சிரித்தார். அவள் பார்த்த பார்வையில் அது இருமலாக மாறியது.

நிராகரிப்புக்கு என்ன காரணம் போட்டிருந்தார்கள் என்று வக்கீல் கேட்டார். அவளுக்கு அது மனப்பாடம். 'பணி அனுபவச் சான்றிதழ் இணைக்கப்படவில்லை.' தைத்தது தன் கை என்றும், தன் தையல் இன்றுவரை பிரிந்ததில்லை என்றும், தொலைத்தது அவர்கள் அலுவலகம்தான் என்றும் மூச்சுவிடாமல் சொன்னாள். கணவர் தன் செருப்பை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

வக்கீல் சற்று யோசித்தார். "தொலைஞ்சிருக்கும். தப்பு என் மேலதாம்மா. மன்னிச்சுக்குங்க."

ஒன்பது வருடமாகத் தீட்டி வைத்திருந்த கத்தி. எதிராளி இப்படிப் பொசுக்கென்று தலையைக் குனிந்தால் அதை எங்கே வீசுவது? அவளுக்குப் பெரிய ஏமாற்றமாகப் போயிற்று.

வக்கீல் தங்கையின் காகிதங்களைப் புரட்டினார். அவை அதற்கு முந்தின நாள்தான் தங்கையிடமிருந்து நேரே அவளுக்கு வந்திருந்தன. நடுவிலிருந்து ஒரு தாளை உருவி, குப்புறக் கவிழ்த்து, அவளை விட்டுவிட்டு அவள் கணவர் பக்கமாக நகர்த்தினார். அது வேண்டாம், மற்றவை போதும் என்றார்.

அவள் எட்டி அதன் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். முதியோர் இல்லத்தில் ஐந்து வருடம் வேலை பார்த்ததாக, மேல்முறையீட்டுக்கென்று தங்கை புதிதாக வாங்கிச் சேர்த்திருந்த சான்றிதழ். கையெழுத்தும் முத்திரையுமாக, இருப்பதிலேயே கனமான தாள்.

"பார்த்தீங்களா? கைப்பழக்கம் இன்னும் போகலை."

கணவர் அந்தத் தாளைத் திருப்பி ஒரு நொடி பார்த்தார். நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "சார் சொன்னா சரிதான்" என்றார்.

தங்கைக்கு அக்காவை விட்டால் வேறு ஆள் இல்லை, அதுதான் வழக்கு, அதைத் தான் எழுதிக்கொள்வதாக வக்கீல் சொன்னார். வேறு வழியில்லாமல் அவள் கையெழுத்துப் போட்டாள்.

படியிறங்கும்போது கணவரைப் பிடித்துக்கொண்டாள். ஆம்பளைக்கு வாயே கிடையாதா, நாளைக்குத் தங்கைக்கும் 'இணைக்கப்படவில்லை' என்று கடிதம் வந்தால் யார் பதில் சொல்வது என்று ஒரு மாடி முழுக்கக் கேட்டுக்கொண்டே இறங்கினாள்.

கணவர் பாதிப் படியில் நின்றார். சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினார்.

"இந்தக் கையெழுத்துக்காரனை எனக்குத் தெரியும். ரொட்டிக் கடையில எனக்கு ஆறு வருஷம் அனுபவம்னு எழுதிக் கொடுத்ததும் இவன்தான்."

அவள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். "அப்போ நீங்க?"

"அப்போ நான் ரொட்டியை வாங்கித் தின்னதோட சரி. எப்படிச் செய்வீங்கன்னு அவர் கேட்டாரு. வெந்ததும் வடிச்சுடுவேன்னு சொன்னேன்."

அவள் தாளை வாங்கி அந்தக் கையெழுத்தைப் பார்த்தாள்.

"போலின்னு அவர் ஒரு வார்த்தை எழுதியிருந்தா, ஆயுசுக்கும் எனக்கு விசா கிடையாது. என் பின்னாடி உன் வயித்தைப் பார்த்தாரு. தையலைப் பிரிச்சு, அந்தத் தாளைக் கண்ணாடிக்கு அடியில என்கிட்டயே தள்ளி, 'போய் மாவு பிசையக் கத்துக்கிட்டு வாங்க'ன்னாரு. அப்புறம்தான், 'இணைக்கப்படவில்லை'ன்னு எழுதினாரு."