ஸ்டெல்லாவின் சத்தங்கள்

எந்த இசைக் கம்பெனியும் சீந்தாத ஆம்ப்ரோஸ், சமையலறைக்கு அடுத்த அறையிலேயே முப்பது வருடமாக ஆல்பங்களைப் பதிவு செய்து வந்தான். முதலில் கிதாரோடு கத்தினான். பிறகு கணினியில் இரைச்சலை அடுக்கினான். அதுவும் சலித்தபோது வீட்டுச் சத்தங்களுக்கு வந்து சேர்ந்தான். மனைவி ஸ்டெல்லாவின் பிரசவ அலறல் ஒரு பாட்டாயிற்று. அந்தக் குழந்தையை அடக்கம் செய்த அன்று அவள் மார்பில் அடித்துக்கொண்ட சத்தத்தைத் தாளமாக்கினான். எந்தச் சின்ன அரங்கில் ஏறினாலும் ரசிகர்கள் அதைத்தான் கேட்டார்கள்.

புற்றுநோய் முற்றி ஸ்டெல்லா படுத்த படுக்கையானாள். ஒரு மதியம், வலியில் முனகிக்கொண்டிருந்தவளின் தலையணையோரம் மைக்கை வைத்தான். அவள் கண்ணைத் திறந்தாள்.

"இதையுமா?"

"நீ எப்பவும்போல இரு. ஒண்ணும் பேச வேணாம்."

அவள் முகத்தை மைக் பக்கம் திருப்பினாள்.

"இன்னும் கிட்ட வையுங்க."

அவன் மைக்கை அவள் உதட்டருகே நகர்த்திவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டான். மறுபடி வலி வந்தது. அவள் கால்கள் இழுத்துக்கொண்டன, போர்வை கைக்குள் முறுக்கிக்கொண்டது. கீழுதட்டைப் பல்லால் கடித்திருந்தாள். அதிலிருந்து ரத்தம் கசிந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. அவன் ஒலியளவைக் கூட்டிப் பார்த்தான்.

"அடக்காத, ஸ்டெல்லா. வாய்விட்டுக் கத்திடு, உனக்கும் லேசா இருக்கும்."

அவள் கண் இமைக்கவில்லை. வலிக்குக் கொடுக்கும் மருந்து மேஜைமேல், அவன் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஆம்ப்ரோஸ் ஹெட்போனைக் கழற்றாமல் காத்திருந்தான்.