இருநூறு அடிக்குக் கீழே

"முப்பது பேர் முன்னாடி மானம் போச்சு, கரீமுல்லா! இதுக்கா உங்களை நம்பி வந்தேன்?"

ஈக்காட்டுத்தாங்கல் பட்டறைக்குள்ள நுழையும்போதே கத்திட்டேன். கோபம் அப்படி.

பட்டத்துல கேமராவைக் கட்டி, மேலே அனுப்பிப் படம் எடுக்கறது என் பொழுதுபோக்கு. மேலே போன கேமராவோட பட்டனை யார் அமுக்கறது? பத்து செகண்டுக்கு ஒரு தரம் தானா அமுக்கற மாதிரி ஒரு கருவி செஞ்சு குடுத்தவர் இந்தக் கரீமுல்லாதான்.

எங்க போட்டோ சங்கத்துல ஒரு வழக்கம். எதையும் அழிக்கக் கூடாது, திருத்தக் கூடாது. கார்டை அப்படியே செருகிப் பெரிய திரையில ஓட்டணும். சனிக்கிழமை திருவான்மியூர் பீச்சுல பட்டம் விட்டேன். ஞாயித்துக்கிழமை திரையில போட்டா, பட்டம் ஏறும்போது எடுத்தது ஒண்ணுகூட இல்லை, இறங்கும்போதும் இல்லை! எல்லாமே உச்சியிலேருந்து. மனுஷங்க எறும்பாத் தெரியறாங்க.

"இதைத்தான் சாட்டிலைட்டே எடுக்குதே நெடுஞ்செழியன்!"னு ஒருத்தர் சொல்ல, கூட்டமே சிரிச்சுது.

"மிஷினு நல்லாத்தான் கீது சார்." கரீமுல்லா தலையைச் சொறிஞ்சார். "உயரம் பாக்கற சென்சார் ஒண்ணு சேத்து வுட்டேன். இருநூறு அடிக்கு மேல போனாத்தான் அமுக்கும்."

"யாரைக் கேட்டு வெச்சீங்க?"

"நான்தான் சார் வெக்கச் சொன்னேன்." சாப்பாட்டுக் கேரியரோட உள்ளே உக்காந்திருந்த அவர் மனைவி ஷம்ஷாத் எழுந்து வந்தாங்க. "சாயங்காலம் திருவான்மியூர்ல வுடப்போறேன்னு சொன்னீங்களாமே?"

"சொன்னேன். அதுக்கென்ன?"

"கடல்காத்து பட்டத்தக் குப்பத்துப் பக்கம்தானே தள்ளிக்கினு போவும்? பொம்பளைங்க வேலை முடிஞ்சு வந்து குளிக்கற நேரம் சார் அது. மறைப்புக்கு நாலு பக்கமும் தட்டி கட்டுவாங்க. மேல கூரை இருக்காது."

முப்பது பேர். அவ்வளவு பெரிய திரை. ஐயோ!

திட்ட வந்தவன், கையெடுத்துக் கும்பிட்டேன். "பெரிய பாவத்துலேருந்து காப்பாத்திட்டீங்கம்மா. ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன். எனக்குத் தோணவே இல்லையே, உங்களுக்கு எப்படித் தோணுச்சு?"

ஷம்ஷாத் கேரியரைத் திறந்து, கணவருக்குச் சோறு போட்டுக்கிட்டே சொன்னாங்க:

"அடையாறு ஆத்தங்கரையில பதினெட்டு வருஷம் அப்படித்தான் சார் குளிச்சேன். பாலத்து மேல யாரும் நிக்கலையேன்னு நிமிந்து நிமிந்து பாத்துக்கினு."