றிஷ்னாவின் காய்ச்சல்

"டெங்குவுக்கு இதப் போல மருந்தில்ல. ரெண்டு நேரம் குடுங்க," என்று பப்பாசி இலைச் சாற்றை நீட்டினாள் பக்கத்து வீட்டு ஸுலைஹா. சுல்பா நன்றி சொல்லி வாங்கினாள். ஸுலைஹா வாசல் படலை தாண்டியதும் அதைக் கொண்டுபோய்க் கிணற்றடி வாழைக்கு ஊற்றினாள்.

மகள் றிஷ்னாவுக்குக் காய்ச்சலே இல்லை. கம்பஸ் லீவில் ஆலங்குடாவுக்கு வந்தவள், மூன்று நாள் சோறு தொடாமல் கிடந்துவிட்டு, "உயிரோட இரிக்க விருப்பமில்ல உம்மா," என்றாள். வாப்பா ஜப்பார் மறுநாளே அவளைக் கொழும்புக்குக் கூட்டிப்போய் மனநல டொக்டர் ஒருவரிடம் காட்டினார்.

மருந்தும் டொக்டர் பேசிய பேச்சும் வேலை செய்தன. பிள்ளை மெல்ல மெல்லச் சாப்பிடத் தொடங்கினாள்.

"டெங்கு எண்டு சொல்லு. விசயம் வெளிய போனா இவள ஆரும் கலியாணம் முடிக்க மாட்டாங்க," என்றார் ஜப்பார். மகளின் போனையும் வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

சுல்பா பகல் லுஹர் தொழுது முடிக்க, படலையில் ஒரு பெண் நின்றாள்.

"ஆன்ட்டி, நான் நிரூபா. ஊர் உடப்பு. றிஷ்னாவோட ஒரே பெட்ச்."

"அவ நித்திர மகள். டெங்கு. எழுப்பேலாது."

நிரூபா தோடம்பழப் பையை மேசையில் வைத்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. பாலாவியில் பஸ் மாறி இந்த வெயிலில் வந்த களைப்பு என்று நினைத்துச் சுல்பா தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துக் கொடுத்தாள். நிரூபா ஒரு மிடறு குடித்துவிட்டு வைத்துவிட்டாள்.

"எந்த டொக்டர் பாத்தவர், ஆன்ட்டி?"

சுல்பாவுக்குத் திக்கென்றது. "இங்கதான், புத்தளம் ஆஸ்பத்திரியில."

"கொழும்பில ஒரு டொக்டர் எண்டு றிஷ்னா போனில சொன்னவ. பிறகு அவட போன் வேலை செய்யேல்ல." நிரூபா குரலைத் தாழ்த்தினாள். "பேர மட்டும் சொல்லுங்கோ. நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்."

எல்லாரும் இப்படித்தான் தொடங்குவார்கள். நாளைக்குக் கம்பஸ் முழுக்க, றிஷ்னாவுக்குப் பைத்தியம் என்று கதை ஓடும். தங்கச்சிமார் இரண்டு பேர் பின்னால் இருக்கிறார்கள்.

"டெங்குவுக்கு என்னத்துக்குக் கொழும்பு? அவ புலம்பியிருப்பா. ரெண்டு மணி பஸ்ஸ விட்டா ஒங்களுக்கு லேட்டாகும் மகள்."

நிரூபா எழுந்தாள். படலை மட்டும் போய்த் திரும்பிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சுல்பா கதவைச் சாத்தினாள்.

பின்னேரம் அஸர் பாங்கோடு றிஷ்னா எழும்பினாள். சுல்பா தேத்தண்ணியோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஒண்ட கூட்டாளி நிரூபா வந்தா. டொக்டர்ட பேர ரெண்டு தரம் கேட்டா. நான் வாயத் தொறக்கல்லயே!"

கோப்பை கட்டிலில் கவிழ்ந்தது. "எங்க அவ?"

"அப்பவே அனுப்பிட்டன்."

"போனத் தாங்க உம்மா! கெதியா!"

அப்படி ஒரு சத்தத்தை மகளிடம் சுல்பா கேட்டதே இல்லை. சாவியைத் தேடி எடுத்து அலுமாரியைத் திறந்தாள். றிஷ்னா நிரூபாவின் எண்ணை அழுத்தினாள். நீங்கள் அழைத்த இலக்கத்தை அடைய முடியாது என்று சிங்களத்திலும் தமிழிலும் இங்கிலீசிலும் ஒரு குரல் சொன்னது. மறுபடி அழுத்தினாள். மறுபடியும் அதே குரல்.

வெறுங்காலோடு வாசல் மணலில் இறங்கி ஓடியவளைச் சுல்பா படலையில் பிடித்து நிறுத்தினாள். வெள்ளை வெயிலில் றோட்டு இரண்டு பக்கமும் வெறுமையாகக் கிடந்தது.

"என்னத்துக்குப் புள்ள இப்பிடி ஓடுறாய்? நான்தான் ஒன்னப் பத்தி ஒண்டுமே சொல்லல்லயே!"

றிஷ்னா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"டொக்டரக் கேட்டது அவ தனக்குத்தான் உம்மா."