கூட்டின் மேல் வைத்த கை

மூன்றாம் மாடி பால்கனியில் தொங்கிய தேன்கூட்டைக் கொளுத்த, குடியிருப்புச் சங்கச் செயலாளர் தணிகாசலம் தீப்பந்தத்தோடு வந்தார். காலையில் தேனீ கொட்டி அவர் பேத்தியின் கன்னம் வீங்கியிருந்தது. அந்த வீட்டுக்காரி ஜெயசீலி வழியை மறிக்கவில்லை. ஸ்டூலில் ஏறி, வெறுங்கையைக் கூட்டின் மேல் மெல்ல வைத்தாள். தேனீக்கள் முழங்கை வரை மொய்த்து மூடின. இரண்டு கொட்டின. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"கையை எடும்மா!"

"மாட்டேன் சார். உங்க பேத்தி கன்னத்துல சுண்ணாம்பு தடவினதும் இதே கைதான். எது கை, எது தேனீன்னு பிரிச்சுப் பாத்துட்டுக் கொளுத்துங்க."

ஒரு தேனீ பறந்து வந்து, பந்தம் பிடித்திருந்த அவர் விரலில் உட்கார்ந்தது. உதறப் பயந்து அசையாமல் நின்றார்.

"ம், இப்பக் கொளுத்துங்க" என்றாள்.