ஆளில்லாக் கடற்கரை

எங்கள் தீவுக் கரையில் ஒரு கேமரா நிற்கிறது. நகரத்துக்காரர்கள் ஆளில்லாத கடற்கரையை நாள் முழுக்கப் பார்த்து மனசு ஆறுவதற்காக ஒரு கம்பெனி வைத்தது. படத்தில் மனிதர்கள் வந்தால் அவர்களை மட்டும் அதுவே அழித்துவிடும். எங்கள் போனில் பேசத்தான் முடியும்; படம் போக அந்தக் கேமராவை விட்டால் வேறு வழியில்லை.

இன்று என் வீட்டுக்காரர் காலில் திருக்கை மீன் முள் ஏறிவிட்டது. முழங்கால் வரை வீக்கம். தூத்துக்குடியில் நர்ஸாக இருக்கும் மகள் பிரிசில்லாவைக் கூப்பிட்டேன்.

"காயத்தைக் கண்ணால பார்க்கணும்மா. கேமரா முன்னாடி கொண்டாங்க, அழிக்காம விட்டாலும் விடும்."

அவரைத் தாங்கி இழுத்துப்போய் உட்காரவைத்தேன். நாயும் பின்னாலேயே வந்தது.

"தெரியுதாடி?"

"வெறும் மணல்தாம்மா தெரியுது."

காலைத் தூக்கிக் கேமராவை ஒட்டிப் பிடித்தேன். வலியில் அவர் அலறினார்.

"இப்ப?"

"அலை தெரியுது."

கம்பெனிக்குப் போன் போட்டு, கொஞ்ச நேரம் அழிக்காமல் விடச் சொன்னேன். "ஆள் தெரிஞ்சா யாரும் பார்க்க மாட்டாங்கம்மா" என்றாள் ஒருத்தி. வாயில் வந்தபடி திட்டிவிட்டு வைத்தேன்.

உடனே மகள் கூப்பிட்டாள்.

"அம்மா, நம்ம நாய் தெரியுது. வெறும் மணல்ல எதையோ நக்கிக்கிட்டு நிக்குது."

பிறகு அவளே சொன்னாள்.

"பார்க்கிறவங்க எல்லாம் ஹார்ட் போடுறாங்கம்மா."