கைக்குழந்தையின் வரம்பு

ஓர் உடம்பு ஆயுள் முழுக்க இவ்வளவு கதிர்வீச்சுதான் வாங்கலாம் என்று அரசாங்கம் வைத்திருந்த வரம்பை ரெக்சன் எப்போதோ தாண்டிவிட்டான். ஆனால் பழைய அணு உலையை வெட்டிப் பிரிக்க அவனைப் போல் கைப்பழக்கம் உள்ளவர்கள் குறைவு. அதனால் புதுச் சட்டப்படி முதலில் அவன் அப்பா பயன்படுத்தாத வரம்பையும், பிறகு மனைவி சீலியின் வரம்பையும் அவன் பெயருக்கு மாற்றினார்கள். இப்போது அவனுக்கு முடி கொட்டுகிறது, சோறு இறங்குவதில்லை.

இன்று காலை குழந்தையின் கைரேகைக்காகப் பாதுகாப்பு அதிகாரி வீட்டுக்கே வந்துவிட்டார்.

"பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகாதும்மா. அவ வரம்பைச் சேர்த்துட்டா, கணக்குப்படி ரெக்சன் பாதுகாப்பா இருப்பார்."

"கணக்குல இருப்பாரு. உடம்புல?" என்றாள் சீலி. "எங்க வரம்பையெல்லாம் அவருக்கு மாத்துதீங்களே, அவரு வாங்குன கதிர எங்களுக்குப் பிரிச்சுத் தர முடியுமா சார்?"

"வரம்பை மாத்த மட்டும்தான் சட்டத்துல இடம் இருக்கும்மா."

அவள் கணவனின் சட்டையிலிருந்த, கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜைக் கழற்றி அதிகாரியின் சட்டையில் மாட்டினாள். "உங்க வரம்பு அப்படியே கெடக்குல்லா? இன்னைக்கு நீங்க உள்ள போங்க."

தேள் ஏறியதுபோல் பதறி, அவர் அதைப் பிடுங்கித் தரையில் எறிந்தார். வெறும் பிளாஸ்டிக் வில்லைக்கு அவர் பயந்ததை ரெக்சன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

தெருவில் வேலைக்குப் போகும் பஸ் ஹாரன் அடித்தது. அவன் வாசலுக்கு வந்து, "நான் வரலடே" என்றான். ஏன் என்று பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் கேட்டார்கள். சீலி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நடந்ததைச் சொன்னாள்.

டிரைவர் இன்ஜினை அணைத்தார்.