சுருளியின் தழும்பு

தகர டப்பாவில் கிடந்த கோலிகளில் சுருளி மட்டும் உருளவே உருளாது. அதன் உடம்புக்குள் சிவப்பும் வெள்ளையும் பின்னல் போட்டபடி ஓடும். அடியிலோ சொரசொரப்பாக ஒரு தழும்பு. யாரும் பார்த்துவிடக் கூடாதென்று அதன் மேலேயே உட்கார்ந்திருக்கும்.

அன்று பூதக்கண்ணாடியான லென்ஸ் அண்ணன் கோலிகளைத் தரம் பிரிக்க வந்தார். கையால் செய்த பழசு என்றால் கண்ணாடி அலமாரி. மெஷினில் வந்த புதுசு என்றால் மீன் தொட்டி.

சுருளியை மேலிருந்து பார்த்தார். "அம்சமாத்தான் இருக்கே! ஆனா இந்த வழவழப்பு மெஷின்ல வந்தது. தொட்டிக்குப் போம்மா."

அப்போதும் சுருளி அசையவில்லை.

சோடா பாட்டிலிலிருந்து வந்த பச்சைக் கோலிக்குத்தான் பொறுக்கவில்லை. "யக்கா, முட்டையா அடைகாக்குறே? எந்திரி!" என்று ஓடி வந்து ஒரு முட்டு முட்டியது. சுருளி கவிழ, தழும்பு வெளிச்சத்துக்கு வந்துவிட்டது.

"பாக்காதீங்கண்ணே!" என்றது சுருளி.

லென்ஸ் அண்ணன் கிட்டே குனிந்தார். அவர் குரல் தழைந்துவிட்டது. "கத்தரி பட்ட இடமில்லியா இது! இளகின கண்ணாடியை யாரோ ஒரு மகராசன் கையால முறுக்கி, இங்கதான் வெட்டி எடுத்திருக்கான். மெஷினுக்கு இது வராதும்மா. இதுக்காக எத்தனை டப்பா துழாவியிருக்கேன் தெரியுமா?"

தழும்பு மேலே தெரிய, சுருளி அலமாரி ஏறியது.

டப்பாவில் பச்சை, தன்னையே சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தது. "அண்ணே, எனக்கும் எங்கயாச்சும் ஒண்ணு இருக்கும். நல்லாப் பாருங்களேன்."

லென்ஸ் அண்ணன் அவசரப்படாமல் தேடத் தொடங்கினார்.